முதன்முதலாகப் புளிப்பு பீர்: எதிலிருந்து தொடங்குவது?

கல்மண்டபம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் வசிக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் சுங்க ஆவணங்களைக் கவனிக்கும் வேலை. வரும் அக்டோபரில் மூன்று வாரப் பணிக்காக என்னை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். உடன் வேலை செய்பவர்கள் சாக்லேட் வாங்கி வரச் சொல்கிறார்கள். எனக்கோ நெடுநாளாக மனத்தில் இருப்பது புளிப்பு பீர்.

இதில் என் அனுபவம் மிகக் குறைவு. மாதம் ஒருமுறை டாஸ்மாக் கடையில் கிடைக்கும் வழக்கமான லாகர் குடிப்பேன், அவ்வளவுதான். புளிப்பு பீர் எதையும் அங்கே நான் கண்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காகப் பெங்களூர் போயிருந்தபோது, தாங்களே பீர் காய்ச்சி விற்கும் ஒரு மதுக்கூடத்தில் ‘சவர்’ என்று எழுதியிருந்த இளஞ்சிவப்பு பீரை வாங்கினேன். மூக்கருகே கொண்டு போனதுமே குழந்தை பால் கக்கிய துணியின் வாடை அடித்தது. இரண்டு மிடறோடு வைத்துவிட்டேன். புளிப்பு பீர் என்றாலே அப்படித்தான் இருக்குமா, எனக்குக் கிடைத்தது கெட்டுப்போனதா என்பது இன்றுவரை தெரியவில்லை.

புளிப்பு எனக்கு ஆகாத சுவை அன்று. நீராகாரமும் புளித்த மோரும் குடித்து வளர்ந்தவன். வெயில் நாளில் கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் உப்புப் போட்டுத் தரும் எலுமிச்சை சோடா இல்லாமல் வீடு திரும்பியதில்லை. படித்துப் பார்த்ததில் ‘கோஸெ’ என்று ஓரிடத்திலும் ‘கூஸ்’ என்று வேறோரிடத்திலும் கண்டேன். இரண்டும் ஒன்றா? முதலில் எதை வாங்கினால், இரண்டு மிடறோடு வைத்துவிடாமல் குவளையை முடிப்பேன்? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

நங்கூரம் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டைக்காரன், வணிகக் கப்பல்களின் என்ஜின் அறையில் 22 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆன்ட்வெர்ப்பில் கப்பல் நின்ற போதெல்லாம் கரையேறியிருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கோஸெ ஜெர்மனியைச் சேர்ந்தது. கோஸ்லார் என்ற ஊரின் வழியே ஓடும் கோஸெ என்ற சிற்றாற்றின் பெயரைப் பெற்றுப் பிறகு லைப்சிக் நகரில் நிலைபெற்ற பீர் அது. கோதுமையோடு உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ப்பார்கள். கூஸ் பெல்ஜியத்தைச் சேர்ந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரத்திலும் அதற்கு மேற்கேயுள்ள பாயோட்டன்லாந்து வட்டாரத்திலும் காய்ச்சும் லாம்பிக் என்னும் பீரில் ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுச் சரக்குகளைக் கலந்து, புட்டியில் அடைத்து, மறுபடியும் நுரைக்க விடுவதுதான் கூஸ். பல்லைக் கூச வைப்பது கூஸ் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நான் செய்த தவறு அந்தக் கூஸிலிருந்து தொடங்கியதுதான். 1998இல் ஒரு மழைநாள் மாலையில், ஷாம்பெயினைப் போலக் கார்க் அடைத்துக் கம்பி கட்டியிருந்த சிறிய பச்சைப் புட்டி ஒன்றை, அதன் அழகுக்காகவே வாங்கிக் கப்பலுக்குக் கொண்டு வந்தேன். கார்க்கைத் திருகியதும் வெடிச்சத்தம் கேட்டு அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார். குவளையில் ஊற்றினால் வைக்கோல் நிறம். முகர்ந்தால் ஈரச் சாக்கு, எலுமிச்சைத் தோல், அவற்றுக்கு அடியில் சிறு வயதில் மின்ட் பக்கம் ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தில் வீசிய குதிரை வாடை. வாயில் வைத்ததும் தாடையின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்தது. இனிப்பு துளியும் இல்லை. கெட்ட சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, முழுப் புட்டியையும் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன். ஆறு ஆண்டுகள் கழித்து பிரஸ்ஸல்ஸில் அதே வகையை நிதானமாகக் குடித்தபோதுதான், நான் கொட்டியது எத்தனை நல்ல பீர் என்று தெரிந்து மனம் வருந்தியது. அந்த ஆறு ஆண்டுகளில் மாறியது என் நாக்கு மட்டுமே.

அதனால் பெயரைப் பார்த்து வாங்காமல், எந்தப் புளிப்பு உனக்குப் பழக்கம் என்பதைப் பார்த்து வாங்கு என்று சொல்வேன். புளிப்பு பீரில் மூன்று வகைக் குணங்கள் கலந்து வரும். மோரின் புளிப்பு ஒன்று. அது மெதுவாகப் பரவும், உறுத்தாது. காடியின் புளிப்பு இன்னொன்று. அது மூக்கில் ஏறும். மூன்றாவதைப் புளிப்பு என்பதைவிட வாசனை என்பதே சரி: காட்டு ஈஸ்ட் தருகிற தோல், வைக்கோல், லாயம் போன்ற வாடை. மோர்ப் புளிப்பு உனக்குத் தெரியும். காடிப் புளிப்பும் ஊறுகாயின் வழியாக ஓரளவு தெரிந்திருக்கும். மூன்றாவதுதான் முற்றிலும் புதிது. மூன்றையும் ஒரே குவளையில் சந்திப்பது முதல் நாளுக்கு வேண்டாம்.

ஆன்ட்வெர்ப்பில் இருக்கப்போவதால் என் தேர்வு ரோடன்பாக். மேற்கு பிளாண்டர்ஸில் ரூசலாரெ என்ற ஊரில் 1821 முதல் இருக்கும் ஆலை. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும் ஓக் மரத் தொட்டிகள் ஏறத்தாழ 300 வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு ஆண்டு கிடந்து புளித்த பீர் ஒரு பங்கு, இளம் பீர் மூன்று பங்கு என்று கலந்து வருவதுதான் அவர்களுடைய சாதாரண வகை. சாராய அளவு 5.2 சதவீதம். கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரின் நிறம்; நாவல்பழமும் மரமும் கலந்த மணம்; முதல் மிடறில் சிறிது இனிப்பு, அதற்குப் பின்னால் புளிப்பு. ‘கிராண்ட் க்ரூ’ என்று எழுதியிருப்பதில் பழைய சரக்கு மூன்றில் இரண்டு பங்கு; அது இரண்டாவது வாரத்துக்கு. கூஸ் மூன்றாவது வாரத்துக்கு.

பெரம்பூர் லோகோ எழுதியது:

நங்கூரம் ஐயா எழுதிய பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ரோடன்பாக்கை முதலில் வைத்ததைத் தவிர. அந்த வகைச் சிவப்பு பீர்களில் காடியின் கூர்மை கொஞ்சமாவது இருந்தே தீரும். ஏற்கெனவே ஒரு கெட்ட வாடையால் பின்வாங்கியவருக்கு, மூக்கில் ஏறும் புளிப்பை முதலில் கொடுத்தால் மூக்கு மறுபடியும் எச்சரிக்கையாகிவிடும். அவர் தன் கேள்வியிலேயே விடையையும் எழுதியிருக்கிறார்: உப்புப் போட்ட எலுமிச்சை சோடா. அதற்கு மிக அருகில் நிற்பது கோஸெதான்.

நான் லைப்சிக் நகரில் மூன்று ஆண்டு படித்தேன். அங்கே கோஸெயின் கதையே நெஞ்சைத் தொடும். 1966இல் அதைக் காய்ச்சிய கடைசி ஆலையும் நின்றுபோய், அந்த பீரே உலகில் இல்லாமல் ஆனது. 1980களில் பழைய கோஸெக் கடை ஒன்றை மீட்டெடுத்தவர்கள், அதன் சுவையை நினைவில் வைத்திருந்த முதியவர்களைக் கேட்டறிந்து மீண்டும் காய்ச்ச ஏற்பாடு செய்தார்கள். இன்று அதே நகரின் பழைய ரயில் நிலையமான பையரிஷர் பான்ஹோஃப் கட்டடத்துக்குள் ஓர் ஆலை அதைக் காய்ச்சுகிறது. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பின் குடியிருப்பில் பிறந்தவனுக்கு ரயில் நிலையத்துக்குள் பீர் காய்ச்சுவதைப் பார்க்கக் கிடைத்தது தனி மகிழ்ச்சி.

நாம் வீட்டில் செய்வதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. இன்று பல ஆலைகளில் கோஸெயையும், பெர்லின் நகரின் புளிப்புக் கோதுமை பீரான பெர்லினர் வைஸ்ஸெயையும் செய்யும் முறை இதுதான். தானியத்தை ஊறவைத்து இறக்கிய இனிப்புக் கரைசலை 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, லாக்டோபாசில்லஸ் என்னும் பாக்டீரியாவைச் சேர்த்து, ஓரிரு நாள் புளிக்க விடுவார்கள். வேண்டிய அளவு புளித்ததும் கொதிக்கவைத்துப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, பிறகே ஈஸ்ட் இடுவார்கள். புளிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பது காய்ச்சுபவரின் கையில் இருக்கிறது. இட்லி மாவு பொங்கியதும் அம்மா அதை ஃப்ரிட்ஜில் வைப்பதைப் போல. அதனால்தான் இவ்வகையில் வாடைகள் குறைவு, புளிப்பு தெளிவு.

பெர்லினர் வைஸ்ஸெயில் சாராயம் சுமார் 3 சதவீதம்தான். பெர்லினில் ராஸ்பெர்ரி பாகு ஊற்றிச் சிவப்பாகவும், வுட்ரஃப் என்ற மூலிகைப் பாகு ஊற்றிப் பச்சையாகவும் கொடுப்பார்கள். பாகு ஊற்றிக் குடிப்பதில் தாழ்வு எதுவும் இல்லை. ஆனால் பாகு கலக்கும் முன் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், அந்த ஒரு மிடறுக்காகத்தானே போகிறீர்கள்.

ஆய்வுக்கூடம் எழுதியது:

எண்ணூரில் வசிக்கிறேன், உணவு நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் பணி. எந்த பீர் முதலில் என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கேட்டவரின் பெங்களூர் அனுபவத்துக்கு யாரும் விடை தரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தம்பி, குழந்தை பால் கக்கிய வாடை என்று நீங்கள் எழுதியது மிகத் துல்லியமான குறிப்பு. அது பியூட்டிரிக் அமிலத்தின் வாடை. புளிக்கவைக்கும் கொதிகலனில் நாம் இட்ட லாக்டோபாசில்லஸ் வேகமாக வளர்ந்து கரைசலைப் புளிப்பாக்குவதற்குள், தானியத்தோடு வந்த வேறு பாக்டீரியாக்கள் இடம் பிடித்துக்கொண்டால் அந்த அமிலம் உண்டாகும். சூடு தவறினாலோ, புளிக்கத் தாமதமானாலோ இது நேரும். கவனமாகச் செய்பவர்கள் தொடக்கத்திலேயே கரைசலைச் சிறிது புளிப்பாக்கிவிட்டுத்தான் பாக்டீரியாவை இடுவார்கள். ஆகவே நீங்கள் கீழே வைத்தது குறையுள்ள பீர். உங்கள் நாக்கில் பிழை இல்லை.

கெட்டதற்கும் புளித்ததற்கும் வேறுபாடு காண உங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. இட்லி மாவை முகர்ந்ததும் ‘புளித்திருக்கிறது’ என்றும் ‘கெட்டிருக்கிறது’ என்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மூக்கு இதற்கும் போதும். எலுமிச்சை, மோர், பச்சை ஆப்பிள், காடி, வைக்கோல், தோல் ஆகியவை புளிப்பு பீரில் வரக்கூடிய மணங்கள். வாந்தி, அழுகிய முட்டை, சாக்கடை ஆகியவை வரக்கூடாதவை. வந்தால் குடிக்க வேண்டாம்.

புளிப்பு என்பதாலேயே உடலுக்குத் தீங்கு வருமோ என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. புளிப்பை அளக்கும் பி.எச். என்ற எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். வழக்கமான பீரில் அது 4 முதல் 4.5 வரை இருக்கும். புளிப்பு பீரில் அது 3 முதல் 3.5 வரை இறங்கும். அந்தப் புளிப்போடு சாராயமும் சேரும்போது நோய்க்கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. லாம்பிக்கில் முதல் சில வாரங்கள் குடல்வாழ் பாக்டீரியா வகைகள் வளர்வது உண்மைதான். ஆனால் அமிலமும் சாராயமும் ஏற ஏற அவை மடிந்துவிடும். பிறகு சாதாரண ஈஸ்ட், அதன்பின் மாதக்கணக்கில் பீடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, இறுதியில் பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆளுகின்றன. நங்கூரம் ஐயா சொன்ன குதிரை வாடை இந்தக் கடைசியாளின் வேலை. இந்த ஈஸ்ட்டைப் பற்றி முதலில் அறிவித்தது, டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் பணியாற்றிய கிளாசன் என்பவர், 1904இல். ஆங்கிலேய நாட்டின் பழைய பீர்களில் அதைக் கண்டதால், ‘பிரிட்டனின் பூஞ்சை’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

மணிக்கூண்டு எழுதியது:

எல்லோரும் கடினமான வழியாகவே சொல்கிறீர்கள். செர்ரிப் பழம் போட்ட கிரீக் வகையைச் சொல்லலாமே? லிண்டமான்ஸ் கிரீக்கை என் மனைவியும் நானும் வெளிநாட்டுப் பயணத்தில் குடித்தோம். சாராயம் 3.5 சதவீதம்தான். பழச்சாற்றைப் போல இறங்கியது. பீரே பிடிக்காதவர்களுக்கும் அது பிடிக்கும்.

நங்கூரம் எழுதியது:

மணிக்கூண்டு நண்பர் சொல்வது தவறன்று, அது சுவையான பானம்தான். என் தயக்கம் வேறு. அந்த வகையில் இனிப்புச் சேர்த்திருப்பதால், குடிப்பவருக்குப் பழக்கமாவது இனிப்பு. அதைக் குடித்துவிட்டு ‘புளிப்பு பீர் எனக்குப் பிடித்துவிட்டது’ என்று நம்பி, மறுநாள் இனிப்பில்லாத கிரீக்கை வாங்கினால், 1998இல் எனக்கு நடந்தது அவருக்கும் நடக்கும். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே செர்ரிப் படத்தோடு நிற்கும் என்பதுதான் சிக்கல்.

பிரித்தறியச் சீட்டில் ஒரு சொல்லைத் தேட வேண்டும். ‘பழைய’ என்று பொருள்படும் ‘அவ்தெ’ என்ற டச்சுச் சொல், கூஸ் அல்லது கிரீக் என்பதற்கு முன்னால் நின்றால், அது மரப்பீப்பாயில் முதிர்ந்த லாம்பிக்கைக் கொண்டு மரபு முறையில் செய்தது, இனிப்புச் சேர்க்காதது என்று கொள்ளலாம். 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. அந்தச் சொல் இல்லையென்றால் பெரும்பாலும் இனிப்பு இருக்கும்.

பெரம்பூர்த் தம்பிக்கும் ஒரு சொல். கோஸெ பற்றி நீங்கள் சொன்னது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஆன்ட்வெர்ப்புக்குப் போய் ஜெர்மன் பீரைத் தேடி அலைய வைக்கலாமா? காசிமேட்டுக்கு வந்தவரைத் தூத்துக்குடி மீனைத் தேடச் சொல்வது போல இருக்கிறது எனக்கு.

பெரம்பூர் லோகோ எழுதியது:

ஐயா, முதல் மிடறு நன்றாக அமைவதற்காக ஒரு மாலை தேடுவது வீண் அலைச்சல் ஆகாது என்றே இன்னும் நினைக்கிறேன். இப்போது கோஸெயை ஜெர்மனிக்கு வெளியேயும் பலர் காய்ச்சுகிறார்கள். நிறைய வகை வைத்திருக்கும் புட்டிக்கடை ஒன்றில் கேட்டால் கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டால் உங்கள் ரோடன்பாக்கே முதலாவதாக இருக்கட்டும், எனக்கு அதில் வழக்கில்லை.

பனைமரம் எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் கள்ளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! லாம்பிக்கில் யாரும் ஈஸ்ட் இடுவதில்லை. காய்ச்சிய கரைசலை, கூரைக்கு அடியிலுள்ள அகலமான ஆழமற்ற தொட்டியில் இரவு முழுவதும் திறந்து வைப்பார்கள். காற்றிலிருந்தும் மரத்திலிருந்தும் வருவதே நொதிக்க வைக்கிறது. பனையின் பாளையில் கட்டிய கலயத்திலும் அதே கதைதான். காலையில் இறக்கியது இனிக்கும், நண்பகலில் புளிக்கும், மறுநாள் காடியாகும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகையால் எங்கள் தலைமுறை பாலக்காட்டுக்குப் போய்த்தான் அதைச் சுவைத்தது. நண்பகல் கள்ளைக் குடித்த நாக்குக்குக் கூஸ் அந்நியமாக இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வுக்கூடம் எழுதியது:

பனைமரம் அண்ணன் நல்ல ஒப்புமை சொன்னார், ஒரு திருத்தத்தோடு. கள்ளை முடுக்குவது நம் வெயில். லாம்பிக்கை ஆள்வது அங்குள்ள குளிர். ஏறத்தாழ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் அதைக் காய்ச்சுவார்கள். கோடையில் கரைசல் இரவுக்குள் ஆறாது. காற்றில் வேண்டாத பாக்டீரியாவும் மிகும். இரவிலும் வெப்பம் இறங்காத நம் சென்னையில் அந்தத் தொட்டியைத் திறந்து வைத்தால் மறுநாள் காலையில் கிடைப்பது லாம்பிக்காக இருக்காது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: லாம்பிக் பிறந்த பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றின் பெயர் ஸென்னெ. நகரத்துக்குள் அந்த ஆறு நாறியதால் 19ஆம் நூற்றாண்டில் அதன்மேல் கட்டி மூடிவிட்டார்கள். கொருக்குப்பேட்டையில் பக்கிங்ஹாம் கால்வாயைக் கடந்து பள்ளிக்குப் போனவளுக்கு அதைப் படித்தபோது ஒரு நெருக்கம் ஏற்பட்டது.

கல்மண்டபம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த வாடைக்குக் காரணம் தெரிந்ததே எனக்குப் பாதி நிம்மதி. இன்னும் இரண்டு ஐயங்கள். எவ்வளவு குளிராகக் குடிக்க வேண்டும்? எனக்கு அவ்வப்போது நெஞ்செரிச்சல் வரும், அதற்கு என்ன செய்வது?

ஆய்வுக்கூடம் எழுதியது:

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இதைத் தொடவே கூடாது. புளிப்பும் சாராயமும் சேர்ந்து நிச்சயம் கிளறிவிடும். சாப்பாட்டோடு ஒரு சிறு குவளை, ஒரு நாளைக்கு ஒரே வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பைப் புண் இருப்பதாக மருத்துவர் எப்போதாவது சொல்லியிருந்தால் புளிப்பு பீரை விட்டுவிடுங்கள். குடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். பல்லை உடனே தேய்க்காமல் சற்று நேரம் கழித்துத் தேய்த்தால் பற்சிப்பிக்கு நல்லது.

நங்கூரம் எழுதியது:

குளிர் பற்றி: கோஸெயும் பெர்லினரும் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். ரோடன்பாக்கும் கூஸும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்த சூட்டில் இருக்கட்டும். மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கிப் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் மிடறை வைத்து எதையும் முடிவு செய்யாதே, தம்பி. முதல் மிடறில் வாய் திடுக்கிடும், இரண்டாவதில் எச்சில் ஊறும், மூன்றாவதில்தான் பீரின் சுவை தெரியும். பக்கத்தில் ரொட்டியோ பொரித்த மீனோ இருக்கட்டும். அங்கே கூஸோடு, ரொட்டியில் வெண்பாலாடைக்கட்டி தடவி முள்ளங்கி வைத்துச் சாப்பிடுவார்கள். நம் ஊர் ஆளுக்கு அது புதிதாக இருந்தாலும் பொருத்தம் அபாரம்.

கல்மண்டபம் எழுதியது:

நவம்பர் பிறந்துவிட்டது, நானும் திரும்பிவிட்டேன். சொன்னபடி நடந்ததை எழுதுகிறேன்.

போன மூன்றாம் நாள் மாலையில் ஒரு புட்டிக்கடையில் கேட்டதும், கடைக்காரர் தகர டப்பாவில் அடைத்த கோஸெ ஒன்றை எடுத்துத் தந்தார். பெரம்பூர் அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் பேருந்து நிறுத்தத்துச் சோடாதான். கொத்தமல்லி விதையின் மணம் மட்டும் கடைசியில் வந்து எட்டிப் பார்த்தது. முழு டப்பாவையும் தயங்காமல் முடித்தேன். பெங்களூரிலிருந்து என் மூக்கோடு வந்திருந்த பயம் அன்றைக்கே போய்விட்டது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: மறுநாள் அதன் சுவையை நினைவுபடுத்திப் பார்த்தபோது பெரிதாக எதுவும் தங்கவில்லை. தங்கியது இரண்டு நாள் கழித்து வறுத்த உருளைக்கிழங்கோடு குடித்த ரோடன்பாக். நங்கூரம் ஐயா எழுதியபடி மூன்றாவது மிடறுவரை பொறுத்தேன். இரண்டாவது மிடறில் காடியின் கூர்மை மூக்கைத் தொட்டது. மூன்றாவதில், பள்ளி வாசலில் விற்ற நாவல்பழத்தை உப்பில் தோய்த்துத் தின்ற பிறகு நாக்கு ஊதா நிறமாகித் துவர்த்துப் போகுமே, அந்தத் துவர்ப்பு வந்து நின்றது. கோஸெயை முதலில் குடிக்காமல் இதைக் குடித்திருந்தால் அந்தக் கூர்மையைக் கெட்டது என்று நினைத்திருப்பேன் என்றே தோன்றுகிறது. ஆகவே இருவர் சொன்னதும் எனக்குத் தேவைப்பட்டது, இந்த வரிசையில்.

கடைசிச் சனிக்கிழமை ரயிலேறி பிரஸ்ஸல்ஸ் போய், ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900ஆம் ஆண்டு முதல் இயங்கும் காண்டியோன் ஆலையைப் பார்த்தேன். தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெளியிலிருந்து பார்த்தால் வால்டாக்ஸ் சாலையின் பழைய கிடங்குகளில் ஒன்றைப் போலத்தான் இருக்கிறது. கூரைக்கு அடியில் செம்பால் ஆன அந்த அகலத் தொட்டி அன்று காலியாக இருந்தது. ஆழம் முழங்காலைத் தாண்டாது. பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகளை ஒட்டடை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பழ ஈக்களைச் சிலந்திகள் பிடித்துவிடும் என்பதால் வேண்டுமென்றே விட்டது என்று சொன்னார்கள். முதலில் நுரையே இல்லாத லாம்பிக்கை ஊற்றினார்கள், பிறகு கூஸ். பல் கூசியது, குதிரை வாடையும் அடித்தது. நல்ல பீர் என்று அறிவுக்குத் தெரிந்தது, ஆசை மட்டும் வரவில்லை. நங்கூரம் ஐயாவுக்கு ஆறு ஆண்டு ஆனது என்பதால் நானும் அவசரப்படவில்லை.

பயணிகளுக்குத் தீர்வையில்லாமல் அனுமதிப்பது 2 லிட்டர் என்பது என் தொழிலிலேயே தெரிந்த கணக்கு. 375 மில்லிலிட்டர் புட்டிகள் ஐந்தை லுங்கிகளில் சுற்றிக் கொண்டு வந்தேன். அவற்றில் ஒன்று கூஸ். போன ஞாயிற்றுக்கிழமை மதியம், வஞ்சிரம் வறுவலோடு அதைத் திறந்து அப்பாவுக்கு ஒரு சிறு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா பொன்னேரிப் பக்கத்துக்காரர், வயது 66. தடை வருவதற்கு முன் இளைஞராக இருந்தவர். நாங்கள் எல்லோரும் முகம் சுளிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு மிடறு குடித்து, வாயை மூடியபடி சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, ‘இது மத்தியானத்துக் கள்’ என்று சொல்லித் தம்ளரை மறுபடியும் நீட்டினார். பனைமரம் அண்ணனுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை நீளமாக எழுதினேன். அப்பா குடித்ததைப் பார்த்த பிறகு நானும் இன்னொரு முறை ஊற்றிக்கொண்டேன். மீனோடு அது வேறு பீராக இருந்தது.

புட்டியின் அடியில் இரண்டு விரல் அளவு மிஞ்சியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஆப்ப மாவில் கள் ஊற்றியதைப் போல இதையும் ஊற்றலாமா என்று அம்மா கேட்கிறார். ஆய்வுக்கூடம் அக்கா சொன்னால் செய்வார்.

ஆய்வுக்கூடம் எழுதியது:

ஊற்றலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், தீங்கு எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பி மாவை விட வேண்டாம். புதுக் கள்ளில் இருப்பது பசியோடு இருக்கும் ஈஸ்ட், சில மணி நேரத்தில் மாவைப் பொங்க வைத்துவிடும். மூன்று ஆண்டுச் சரக்கும் கலந்த கூஸில் மிஞ்சியிருப்பது மிக மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட். மாவில் புளிப்பு ஏறும், ஆப்பம் உப்பாது. வழக்கம் போல ஒரு கைப்பிடி பழைய சோற்றை அரைத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படி வந்தது என்றும் எழுதுங்கள்.